ஊருக்கு ஒரு ரவுட்டர், எல்லோரிடமும் ஒரே வரைபடம்

காரைக்குடியைச் சுற்றி ஆறு ஊர்களுக்கு இணையம் கொடுக்கும் ஒரு சின்ன கேபிள் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை, கல்லல். ஊருக்கு ஒரு ரவுட்டர். பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர். ஓர் இடத்தில் மட்டும் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு வயர்லெஸ். தேவகோட்டையில் ஒருவர், கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் தாத்தா காலத்து வீட்டின் கேமராவைத் தன் போனில் திறக்கிறார். அந்தக் கோரிக்கை பாக்கெட் எனப்படும் சின்னத் துண்டுகளாகக் கிளம்புகிறது. எந்த வழியாகப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தலைமை அலுவலகம் என்று எதுவும் இதில் கிடையாது. பாக்கெட் வந்து சேரும் ஒவ்வொரு ரவுட்டரும் தானே முடிவெடுக்கிறது. அதற்குத் தெரிய வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: இந்த முகவரிக்குப் போகிற பாக்கெட்டை என்னிடம் உள்ள எந்தக் கேபிளில் தள்ளிவிடுவது? இந்தப் பட்டியலுக்கு ரவுட்டிங் டேபிள் என்று பெயர். ஆறு ரவுட்டர்தானே, கையாலேயே எழுதி வைத்துவிடலாம். ஆனால் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட வருகிற ஜேசிபி என்றைக்காவது ஒரு கேபிளை இழுத்துவிடும். அன்றைக்கு எல்லாப் பட்டியலும் பொய்யாகிவிடும். அதனால்தான் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு பட்டியலைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் முறைகள் வந்தன. அவைதான் ரவுட்டிங் புரோட்டோகால்கள்.

பழைய முறை, ஊர் ஊராக வழி கேட்டுப் போவது மாதிரி. கோட்டையூரில் நின்று கானாடுகாத்தான் எப்படிப் போவது என்று கேட்டால், "இப்படியே போங்க, ரெண்டு ஊர் தள்ளி" என்பார்கள். சொன்னவர் அந்தப் பாதையில் போய் வந்தவரா, அவரும் யாரோ சொல்லக் கேட்டவரா, நமக்குத் தெரியாது. டிஸ்டன்ஸ் வெக்டர் எனப்படும் இந்த முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் பட்டியலை அடுத்த வீட்டு ரவுட்டரிடம் மட்டும் சொல்லும். இந்த வகையில் பலருக்கும் தெரிந்த ரிப் என்ற புரோட்டோகால், 30 விநாடிக்கு ஒரு முறை முழுப் பட்டியலையும் ஒப்பிக்கும்.

சிக்கல் கேபிள் அறுந்த பிறகுதான் வெளியே வரும். கானாடுகாத்தானுக்குப் பள்ளத்தூர் வழியாக மட்டுமே பாதை இருக்கிறது, அதுவும் அறுந்துவிட்டது என்று வையுங்கள். பள்ளத்தூர் விழிக்கிறது. அதே சமயம் கோட்டையூர் தன் பழைய பட்டியலை ஒப்பிக்கிறது: "கானாடுகாத்தானா, என்னிடமிருந்து ரெண்டு தாவல்." அந்த ரெண்டு தாவலே (தாவல் என்றால் ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்த ரவுட்டருக்குப் போகும் ஓர் அடி) தன் வழியாகத்தான் என்பது பள்ளத்தூருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சரி, கோட்டையூர் வழியாக மூன்று என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்ட கோட்டையூர் நான்கு என்று திருத்துகிறது. பள்ளத்தூர் ஐந்து என்கிறது. இப்படியே ஏறி 16-ஐத் தொட்டதும் 'போக முடியாத இடம்' என்று ரிப் கைவிடும். முடிவிலி வரை எண்ணிக்கொண்டே போகும் நோய் என்று இதைச் சொல்வார்கள். ஒட்டுப் போடும் வைத்தியங்கள் உண்டு. இரண்டு ரவுட்டர்களுக்குள் நடப்பதை அவை தடுக்கும், மூன்று நான்கு ரவுட்டர்கள் வளையமாகச் சேர்ந்துகொண்டால் முழுதாகத் தடுக்காது.

லிங்க் ஸ்டேட் முறை இந்தப் பேச்சையே மாற்றிவிடுகிறது. இதில் யாரும் யாருக்கும் வழி சொல்வதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பள்ளத்தூர் ரவுட்டரின் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நான் பள்ளத்தூர். எனக்கு நேரடியாகக் கோட்டையூர் உண்டு, செலவு 2. கானாடுகாத்தான் உண்டு, செலவு 3. இது என்னுடைய 17-ஆவது அறிக்கை."

அவ்வளவுதான். செலவு என்பது பணம் இல்லை, அந்த இணைப்புக்குக் கொடுக்கும் ஓர் எண்; வேகம் குறைந்தால் எண் ஏறும். தேவகோட்டைக்கு எப்படிப் போவது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. எல்.எஸ்.ஏ என்று அழைக்கப்படும் இந்தச் சின்ன அறிக்கை, கொஞ்சமும் மாறாமல், ஆறு ரவுட்டர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லாருடைய அறிக்கையும் எல்லாரிடமும் சேர்ந்துவிட்டால், ஒவ்வொருவரும் அவற்றை அடுக்கி முழு வரைபடத்தைத் தாங்களே வரைந்துகொள்ளலாம். ஒரே தகவல் என்பதால் ஒரே வரைபடம்தான் வரும்.

பாடம் நடத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தை நாலு வரியில் தாண்டிவிட்டு, குறுகிய பாதை கண்டுபிடிக்கும் கணக்குக்கு ஓடிவிடுவார்கள். தேர்வில் மார்க் அதற்குத்தான். என்னைக் கேட்டால் கணக்கு சுலபம். அறிக்கைகளை எல்லாரிடமும் பிழையில்லாமல், பழசு புதுசு குழம்பாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த முறையின் உயிர். அதில் கொஞ்ச நேரம் நிற்போம்.

பரப்பும் விதி ரொம்ப எளியது. ஓர் அறிக்கை ஒரு கேபிள் வழியாக வந்தால், அது எழுதியவரின் பெயரில் ஏற்கெனவே நம்மிடம் உள்ளதைவிடப் புதியதா என்று பார். புதியது என்றால் பழையதைத் தூக்கிவிட்டு இதை வைத்துக்கொள். வந்த கேபிளைத் தவிர மற்ற எல்லாக் கேபிள்களிலும் அனுப்பு. அதே அறிக்கை மறுபடி வந்தால் விட்டுவிடு. நம்மிடம் இருப்பதைவிடப் பழையது வந்தால், அனுப்பியவரிடம் நம் புதிய பிரதியைத் திருப்பிக் கொடு. கிடைத்தது என்று அடுத்தவர் பதில் சொல்லாவிட்டால் மறுபடியும் அனுப்பு. வெள்ளம் மாதிரி எல்லாப் பக்கமும் பாய்வதால் இதை ஃப்ளடிங் என்கிறார்கள். வளையமான பாதைகள் இருந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்காது, ஏனென்றால் இரண்டாம் முறை வந்ததை யாரும் மேலே அனுப்புவதில்லை.

எல்லாமே 'புதியது' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அதைத் தீர்மானிப்பது அந்த '17-ஆவது அறிக்கை' என்ற வரிசை எண். இந்த எண்ணில் குளறுபடி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு.

இணையத்தின் மூதாதையான அமெரிக்காவின் அர்ப்பாநெட், 1969-இல் தொடங்கியபோது வழி கேட்கும் பழைய முறையில்தான் ஓடியது. பி.பி.என் நிறுவனத்தில் ஜான் மெக்வில்லன் குழுவினர் உருவாக்கிய லிங்க் ஸ்டேட் முறைக்கு 1979-இல் மாறினார்கள். மாறிய மறு ஆண்டே, 1980 அக்டோபர் 27-ஆம் தேதி, நெட்வொர்க் முழுவதும் சில மணி நேரம் படுத்துவிட்டது.

அன்றைய வரிசை எண்ணுக்கு இருந்தது வெறும் 6 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் ஆறு இடங்கள். 0-இல் தொடங்கி 63 வரை போய், மறுபடி 0. கடிகார முள் மாதிரி சுற்றுகிற எண் என்பதால், பெரிய எண்தான் புதியது என்று சொல்லிவிட முடியாது. வட்டத்தில் முன்னால் உள்ள பாதிக்குள் இருந்தால் புதியது என்று விதி வைத்திருந்தார்கள். அந்த நாளில் 50-ஆம் எண் இயந்திரத்தின் (அன்றைய ரவுட்டர்) பெயரில் மூன்று அறிக்கைகள் ஒரே நேரத்தில் உலவத் தொடங்கின. எண்கள் 8, 40, 44. அருகில் இருந்த 29-ஆம் இயந்திரத்தின் நினைவகம் பிட்டுகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. 44 என்பது 32, 8, 4 மூன்றின் கூட்டு. அதில் 4-க்கான பிட் விழுந்தால் 40. 32-உம் விழுந்தால் 8. இப்போது விதியைப் போட்டுப் பாருங்கள். 8-ஐவிட 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. 44-லிருந்து 63 வரை போய், 0-ஐத் தாண்டினால் 28 அடியில் 8 வந்துவிடுகிறது, ஆகவே 44-ஐவிட 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்த, ஒவ்வோர் இயந்திரமும் 'புதிய அறிக்கை, புதிய அறிக்கை' என்று வாங்கி வாங்கி அனுப்பியது. வேறு வேலை பார்க்க நேரமே இல்லை. ஒரு கோளாறான இயந்திரத்தை நிறுத்தியும் பயனில்லை, ஏனென்றால் நோய் எல்லாருடைய நினைவகத்திலும் ஏறிவிட்டது. கடைசியில், 50-இன் பெயரில் வருவதைக் கண்டுகொள்ளாதே என்று ஒட்டு எழுதி, இயந்திரம் இயந்திரமாக ஏற்றித்தான் மீட்டார்கள்.

கேபிளில் போகும்போது பிழை நேர்ந்ததா என்று பார்க்கச் சோதனை இருந்தது. நினைவகத்துக்குள் கிடக்கும்போது யாரும் பார்க்கவில்லை. பின்னால் வந்த புரோட்டோகால்கள், சுற்றுகிற எண், சோதிக்காத நினைவகம் என்ற இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்துக்கொண்டுதான் பிறந்தன. இத்தகைய கோளாறுகளைத் தாங்கிக்கொள்ளும் பரப்பும் முறையை ரேடியா பெர்ல்மன் 1983-இல் எழுதிக் காட்டினார். இன்று நிறுவனங்களுக்குள் அதிகம் புழங்கும் ஓ.எஸ்.பி.எஃப் புரோட்டோகாலில் வரிசை எண்ணுக்கு 32 பிட். அது சுற்றுவதில்லை, மைனஸ் 214 கோடிச் சொச்சத்தில் தொடங்கி நேராக மேலே ஏறுகிறது. ஓர் அறிக்கையை 5 விநாடிக்கு ஒரு முறைக்குமேல் புதுப்பிக்கக் கூடாது என்பதும் விதி. அந்த வேகத்தில் விடாமல் அனுப்பினாலும் எண் தீர்ந்துபோக 680 ஆண்டு ஆகும். அப்படியே தீர்ந்தாலும், பழைய அறிக்கையை நெட்வொர்க் முழுக்க அழித்துவிட்டுத்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வோர் அறிக்கையோடும் ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டிக்கொண்டே இருக்கும், கேபிளிலும் சரி, நினைவகத்திலும் சரி.

மின்சாரம் போய் வந்த ரவுட்டர் தன் பழைய எண்ணை மறந்திருக்குமே என்று கேட்கலாம். மறந்துதான் போகும். கல்லல் ரவுட்டர் எழுந்து முதல் எண்ணில் அறிக்கை விட்டால், காரைக்குடி தன்னிடம் உள்ள பெரிய எண் அறிக்கையைத் திருப்பிக் கொடுக்கும். 'ஓ, போன பிறவியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்' என்று கல்லல் அதற்கு அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். எழாமலே போய்விட்டால்? ஒவ்வோர் அறிக்கைக்கும் வயது உண்டு. எழுதியவர் 30 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்; ஒரு மணி நேரம் ஆகியும் புதுப்பிக்காதது கழிக்கப்படும். அதுவரைக்கும் செத்த ரவுட்டரின் அறிக்கை வழி கெடுக்காது. 'எனக்குக் கல்லல் உண்டு' என்று காரைக்குடியும், 'எனக்குக் காரைக்குடி உண்டு' என்று கல்லலும், இரண்டு பேரும் சொன்னால்தான் அந்த இணைப்பு வரைபடத்தில் ஏறும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற கணக்குக்கு வருவோம். நம் நிறுவனத்தின் வரைபடம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி–கோட்டையூர் செலவு 2, கோட்டையூர்–பள்ளத்தூர் 2, பள்ளத்தூர்–கானாடுகாத்தான் 3. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு நேராக ஒரு வயர்லெஸ், வேகம் குறைவு, அதனால் செலவு 10. காரைக்குடி–தேவகோட்டை 5, காரைக்குடி–கல்லல் 3, கல்லல்–தேவகோட்டை 4. எண்கள் நானாகப் போட்டவை. சாலையில் எத்தனை கிலோமீட்டர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தேவகோட்டை ரவுட்டராக உட்கார்ந்து கணக்குப் போடுவோம். நாம் இருக்கும் இடத்துக்குச் செலவு 0. கண்ணுக்குத் தெரிவது கல்லல் 4, காரைக்குடி 5. இதில் குறைந்தது கல்லல். அதை முடிவாக எழுதிவிடலாம். ஏன் உடனே எழுதலாம்? வேறு எந்த வழியில் கிளம்பினாலும் முதல் அடியிலேயே 5 செலவாகிவிடுமே, அதற்கப்புறம் குறையவா போகிறது. கல்லல் வழியாகக் காரைக்குடிக்குப் போனால் 7. கையில் இருக்கும் 5-ஐ அது வெல்லவில்லை. அடுத்து குறைந்தது காரைக்குடி, 5, முடிவு. அங்கிருந்து கோட்டையூர் 7, கானாடுகாத்தான் வயர்லெஸ் வழியாக 15. குறைந்தது கோட்டையூர், முடிவு. அதிலிருந்து பள்ளத்தூர் 9, முடிவு. அதிலிருந்து கானாடுகாத்தான் 12. ஏற்கெனவே எழுதிய 15-ஐ அடித்துவிட்டு 12 என்று போடு. முடிந்தது.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தம் வருங்கால மனைவியோடு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல், ஏறக்குறைய 20 நிமிடத்தில் யோசித்த முறை இது. 1959-இல்தான் அச்சில் வந்தது. இணையம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், டச்சு நகரங்களுக்கு இடையே குறுகிய வழி காட்டும் கணினிச் செயல்விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். தேவகோட்டை முழுப் பாதையையும் கண்டுபிடித்தாலும் ரவுட்டிங் டேபிளில் எழுதுவது 'கானாடுகாத்தானா, காரைக்குடிப் பக்கம் தள்ளு' என்று மட்டுமே. மீதிப் பாதையைப் பாக்கெட்டோடு எழுதி அனுப்புவதில்லை. காரைக்குடி தன் கணக்கைத் தானே போட்டிருக்கும். கோட்டையூர்ப் பக்கம் தள்ளும். இரண்டு பேரும் ஒரே வரைபடத்தை வைத்திருக்கும் வரை இரண்டு கணக்கும் பொருந்திப் போகும்.

அந்த ஜேசிபி இப்போது கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே கேபிளை இழுத்துவிட்டது. இரு முனையில் இருப்பவர்களும் புது அறிக்கை விடுகிறார்கள். கோட்டையூர் சொன்னது காரைக்குடிக்கு நேராக வருகிறது. பள்ளத்தூர் சொன்னது கானாடுகாத்தான் போய், வயர்லெஸ் தாண்டி வருகிறது. ஆறு பேரும் கணக்கை மறுபடி போடுகிறார்கள். தேவகோட்டையிலிருந்து கானாடுகாத்தான் இனி 15. பள்ளத்தூர் 9 ஆக இருந்தது 18. கேமரா கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும், ஆனால் ஓடும்.

நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. கோட்டையூர் கணக்கை முதலில் முடித்துவிட்டு, 'பள்ளத்தூருக்கு இனி காரைக்குடி வழியாக' என்று திருப்பிவிடுகிறது. காரைக்குடி இன்னும் பழைய வரைபடத்தில் இருக்கிறது. அது மறுபடி கோட்டையூருக்கே அனுப்புகிறது. காரைக்குடியும் கணக்கை முடிக்கும் வரை பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். பாக்கெட்டுக்கு ஒவ்வொரு தாவலிலும் குறையும் ஆயுள் எண் இருப்பதால் அவை முடிவில்லாமல் சுற்றாது. லிங்க் ஸ்டேட் முறையில் வளையமே வராது என்று சில பாடக்குறிப்புகளில் எழுதியிருக்கும். வரும், உடனே போய்விடும்.

அறுந்தது எப்படித் தெரிகிறது? பக்கத்து ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 'ஹலோ' சொல்லிக்கொண்டே இருக்கும். ஓ.எஸ்.பி.எஃப்-இல் வழக்கமாக 10 விநாடிக்கு ஒன்று. 40 விநாடி சத்தமே இல்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவு. ஃபைபர் நேராக ரவுட்டரில் செருகியிருந்தால் ஒளி நின்றதுமே தெரிந்துவிடும், காத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஸ்விட்சோ மீடியா கன்வெர்ட்டரோ இருந்தால், ரவுட்டரின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கேபிளோ ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அறுந்து கிடக்கும். அந்த 40 விநாடியும் பாக்கெட்டுகள் பள்ளத்தில்தான் விழும். இதற்காகவே மில்லி விநாடிக் கணக்கில் நாடி பார்க்கும் பி.எஃப்.டி என்ற துணை ஏற்பாடு உண்டு.

புதிதாக இணையும் ரவுட்டர், பக்கத்தில் இருப்பவரோடு முதலில் அறிக்கைகளின் தலைப்புகளை மட்டும் ஒப்பிட்டு, தன்னிடம் இல்லாதவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இது நடுவழியில் 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற நிலையில் நின்றுகொண்டே இருந்தால், முதலில் இரு முனையிலும் எம்.டி.யூ அளவு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு) ஒன்றுதானா என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இது உதவும்.

செலவு எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. பல ரவுட்டர்கள் 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்துச் செலவைப் போடும், ஒன்றுக்குக் கீழே போகாது. விளைவு, 100 மெகாபிட், 1 கிகாபிட், 10 கிகாபிட் மூன்றுக்கும் செலவு 1. அந்த அடிப்படை எண்ணை உயர்த்தி, எல்லா ரவுட்டர்களிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

நெட்வொர்க் பெரிதானால் எங்கோ ஒரு கேபிள் ஆடினாலும் எல்லாரும் கணக்குப் போட வேண்டியிருக்கும். அதனால் ஓ.எஸ்.பி.எஃப்-இல் ஏரியா என்று பிரிப்பார்கள். சிவகங்கை மாவட்டத்து ஊர்கள் ஓர் ஏரியா, புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் இன்னொன்று, இரண்டும் 0 என்ற முதுகெலும்பு ஏரியாவில் வந்து சேரும். உள் வரைபடம் அந்தந்த ஏரியாவோடு நின்றுவிடும். எல்லையில் உள்ள ரவுட்டர் சுருக்கத்தை மட்டும் அடுத்த பக்கம் சொல்லும். அதாவது ஏரியாக்களுக்கு நடுவே மறுபடி வழி கேட்டுப் போகும் கதைதான். எல்லாம் 0 வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் வளையம் விழுவதில்லை. 1998-இல் ஜான் மோய் எழுதிய ஆர்.எஃப்.சி 2328 என்ற ஆவணத்தில் இந்த விதிகள் எல்லாம் இருக்கின்றன. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல விரும்புவது ஐ.எஸ்-ஐ.எஸ் என்ற இன்னொரு லிங்க் ஸ்டேட் புரோட்டோகாலை. உள்ளே ஓடும் கணக்கு அதே டைக்ஸ்ட்ராதான்.

ஒரு நிறுவனத்தின் வாசலைத் தாண்டியதும் இந்த முறை நின்றுவிடும். நம் கேபிள் நிறுவனம் சென்னையில் எந்த நிறுவனத்திடமிருந்து மொத்தமாக இணையம் வாங்குகிறதோ, அவர்களிடம் தன் வரைபடத்தைக் காட்டாது, அவர்களும் காட்டமாட்டார்கள். எந்த இணைப்பு எவ்வளவு வேகம் என்பது தொழில் ரகசியம். அங்கே பி.ஜி.பி என்ற வேறு புரோட்டோகால் ஓடுகிறது. அதில் ஒவ்வொருவரும், எந்தெந்த நிறுவனங்களைத் தாண்டிப் போக வேண்டும் என்ற பெயர் வரிசையோடு வழி சொல்கிறார்கள். அந்த வரிசையில் தன் நிறுவனத்தின் பெயரே இருந்தால் ரவுட்டர் அந்த வழியை ஏற்காது.